சூப்பர்மேனுக்கு அங்கே ஏன் அவ்வளவு கோபம்?

நீங்கள் கேட்டது இது: டிசி, மார்வெல் என்ற இரு காமிக்ஸ் நிறுவனங்களின் அணிகள் சந்திக்கும் கதை, 2003-இல் வெளிவரத் தொடங்கிய 'ஜேஎல்ஏ/அவெஞ்சர்ஸ்' கிராஸ்ஓவர். டிசி பக்கம் சூப்பர்மேன் இருக்கும் ஜஸ்டிஸ் லீக் (ஜேஎல்ஏ), மார்வெல் பக்கம் கேப்டன் அமெரிக்கா இருக்கும் அவெஞ்சர்ஸ். அதில் சூப்பர்மேன் எதற்கெடுத்தாலும் சிடுசிடுக்கிறான். அடுத்தவர் உலகத்துக்குப் போய் அங்கே குறை கண்டுபிடிக்கிறான். கேப்டன் அமெரிக்காவோடு ஒத்தே போகமாட்டேன் என்கிறான். நாம் அறிந்த சூப்பர்மேன் இவன் இல்லையே, எழுதியவர் அவன் குணத்தைக் கெடுத்துவிட்டாரா?

கெடுக்கவில்லை என்பதுதான் என் பதில். சொந்தத் தொடரில் பல வருடம் வந்தும் வெளியே தெரியாமல் இருந்த ஒரு குணத்தை எழுத்தாளர் கர்ட் புசியெக் அந்த நான்கு இதழ்களில் எடுத்துக் காட்டினார். அது கண்ணுக்கு இனிமையான குணம் இல்லை, அவ்வளவுதான். நான் இந்தக் கதையைப் பலமுறை படித்தவன். முதல் முறை எனக்கும் உங்களுக்கு வந்த அதே எரிச்சல் வந்தது. மூன்றாவது முறை படிக்கும்போதுதான் அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று பிடிபட்டது.

முதலில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். டிசியும் மார்வெலும் சேர்ந்து செய்த முதல் பெரிய சூப்பர்ஹீரோ சந்திப்பு 1976-இல் வந்த 'சூப்பர்மேன் வெர்சஸ் தி அமேசிங் ஸ்பைடர்மேன்'. எழுதியவர் ஜெர்ரி கான்வே, வரைந்தவர் ராஸ் ஆண்ட்ரூ. அதில் ஒரு சண்டை இருக்கிறது. சூப்பர்மேனின் எதிரி லெக்ஸ் லூதர் ரகசியமாக ஸ்பைடர்மேன் மேல் சிவப்புச் சூரியக் கதிர்வீச்சைப் பாய்ச்சிவிடுகிறான். அதனால் கொஞ்ச நேரத்துக்கு அவன் அடி சூப்பர்மேனுக்கு வலிக்கிறது. சூப்பர்மேனுக்கு ஆத்திரம் வந்து கையை ஓங்கிவிடுகிறான். ஓங்கிய பிறகு, அந்தக் குத்து பட்டால் எதிரே நிற்பவன் என்ன ஆவான் என்பது உறைக்கிறது. முகத்துக்கு முன்னால் முஷ்டி நின்றுவிடுகிறது. ஆனால் அது கிளப்பிய காற்று மட்டுமே ஸ்பைடர்மேனைத் தூக்கி வெகுதூரம் எறிந்துவிடுகிறது. சற்று நேரத்தில் கதிர்வீச்சின் வேகம் தீர்ந்துபோக, ஸ்பைடர்மேன் குத்து குத்தென்று குத்துகிறான், அவன் கைதான் வலிக்கிறது. சூப்பர்மேன் அசையாமல் நின்று வாங்கிக்கொள்கிறான்.

சூப்பர்மேன் என்றதும் நம் மனதில் வருபவன் இவன்தான். பலம் கணக்கில்லாமல் இருக்கும், அதைவிட அதிகமாகக் கட்டுப்பாடு இருக்கும். நின்றுபோன அந்த முஷ்டியை நான் இன்றைக்கும் அவனுடைய மிகச் சிறந்த படங்களில் ஒன்றாக நினைக்கிறேன்.

ஆனால் அந்தக் கதையில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அங்கே இரண்டு உலகங்கள் கிடையாது. மெட்ரோபோலிஸும் நியூயார்க்கும் ஒரே பூமியில் இருக்கும் இரண்டு ஊர்கள். கிளார்க் கென்ட் ஒரு பத்திரிகைக்காரன், பீட்டர் பார்க்கர் இன்னொரு பத்திரிகைக்குப் படம் எடுப்பவன். இருவரும் அடுத்தடுத்த தெருக்காரர்கள் மாதிரி சந்தித்துக்கொள்கிறார்கள். ஆகவே சூப்பர்மேனின் கை சோதிக்கப்பட்டது, நிதானம் சோதிக்கப்பட்டது. அவனுடைய உலகம் சோதிக்கப்படவே இல்லை. தன் நல்ல குணத்தில் எவ்வளவு பங்கு தான் வாழும் இடத்தால் வந்தது என்று அவன் யோசிக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

'ஜேஎல்ஏ/அவெஞ்சர்ஸ்' அதைத்தான் மாற்றியது. இங்கே இரண்டு பிரபஞ்சங்கள் தனித்தனி. க்ரோனா என்பவன் படைப்பின் ரகசியத்தைத் தேடிப் பிரபஞ்சம் பிரபஞ்சமாக அழித்துக்கொண்டு வருகிறான். கிராண்ட்மாஸ்டர் என்பவன் அவனைத் தடுக்க ஒரு பந்தயம் வைக்கிறான். இரு உலகங்களிலும் சிதறிக் கிடக்கும் பன்னிரண்டு சக்திப் பொருள்களை எந்த அணி அதிகம் சேர்க்கிறதோ அந்த அணி வென்றது. அதற்காக ஜஸ்டிஸ் லீக் மார்வெல் பூமிக்கும், அவெஞ்சர்ஸ் டிசி பூமிக்கும் போகிறார்கள்.

போன இடத்தில் ஃப்ளாஷ் முதல் நிமிடமே திணறிப்போகிறான். அவனுக்கு வேகம் தரும் ஸ்பீட் ஃபோர்ஸ் அந்தப் பிரபஞ்சத்தில் கிடையாது. ஓடப் பார்க்கிறான், கால் சாதாரண மனிதன் கால். சக்தி கைவிட்டுப்போன அந்தத் திகைப்பை எல்லோரும் கவனிக்கிறோம். அதே நேரத்தில் சூப்பர்மேனுக்கும் ஒன்று கைவிட்டுப்போகிறது, அதை யாரும் கவனிப்பதில்லை. பறக்க முடிகிறது, பார்வை இருக்கிறது, பலம் இருக்கிறது. ஆனால் அண்ணாந்து பார்க்கும் முகங்களில் நம்பிக்கை இல்லை.

மார்வெல் பூமி எப்படிப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியும். ம்யூட்டன்ட்டாக, அதாவது பிறவியிலேயே விசேஷ சக்தியோடு, பிறந்ததற்காகவே ஒருவனைக் கல்லால் அடிக்கக் கூட்டம் சேரும் உலகம் அது. டாக்டர் டூம் என்ற வில்லன் ஒரு நாட்டையே சொந்தமாக வைத்துக்கொண்டு ஆள்கிறான், யாரும் அவனை அசைப்பதில்லை. ஸ்பைடர்மேன் ஊரைக் காப்பாற்றினால் மறுநாள் பத்திரிகையில் அவன்தான் குற்றவாளி. அங்கே ஹீரோக்களுக்கு அது பழகிப்போய்விட்டது, எழுபது எண்பதுகளில் இருந்து படித்து வந்த வாசகர்களுக்கும் பழகிவிட்டது. சூப்பர்மேனுக்குப் பழகவில்லை. அவன் அதை முதல்முறையாகப் பார்க்கிறான். பார்த்த உடனே தீர்ப்பும் சொல்லிவிடுகிறான்: இங்கே இருக்கும் ஹீரோக்கள் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை.

இதைத் தலைக்கனம் என்று சொல்லலாம். நானும் முதலில் அப்படித்தான் சொன்னேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்தத் தீர்ப்பைச் சொல்ல அவனுக்கு ஏன் அவ்வளவு அவசரம்? அங்கே உள்ளவர்களின் அலட்சியம்தான் காரணம் என்று வைத்துக்கொண்டால் அவனுக்கு ஒரு நிம்மதி கிடைக்கிறது. அவர்கள் பிழை, நான் அங்கே இருந்திருந்தால் நடந்திருக்காது. அப்படி இல்லை என்று வைத்துக்கொண்டால்? அவெஞ்சர்ஸும் அவனைப் போலவே உயிரைக் கொடுத்து உழைத்திருக்கிறார்கள், அவர்கள் உலகம் அதற்குப் பதிலாக வெறுப்பைத்தான் கொடுத்தது என்று ஆனால்? அப்போது அவனுடைய சொந்த உலகம் அவனுக்குக் கொடுத்த அன்பு, சிலை, கைதட்டல் எல்லாம் அவன் உழைப்பின் கூலி இல்லை, அதிர்ஷ்டம் என்று ஆகிவிடும். எந்த நல்லவனுக்கும் இந்த எண்ணம் உள்ளே நுழைந்தால் தூக்கம் போய்விடும். சூப்பர்மேன் அந்த எண்ணத்தைக் கோபத்தால் தள்ளி வைக்கிறான்.

கன்சாஸில் ஒரு பண்ணை வீட்டில் பாசமான பெற்றோரிடம் வளர்ந்தவன் அவன். அவன் நல்லவனாக இருந்தான், உலகமும் அவனிடம் நல்லபடி நடந்துகொண்டது. இந்த இரண்டும் ஒன்றோடு ஒன்று பின்னியே வந்ததால் எது எதைத் தாங்குகிறது என்று பிரித்துப் பார்க்க அவனுக்கு வழியே இல்லை. பிரித்துக் காட்ட இன்னொரு பிரபஞ்சம் தேவைப்பட்டது.

இங்கே நீங்கள் ஒரு மறுப்பு சொல்லலாம், நியாயமான மறுப்பு. கதையே ஒரு காரணம் கொடுக்கிறதே: சூப்பர்மேனும் கேப்டனும் தத்தம் பிரபஞ்சத்தோடு மற்றவர்களைவிட இறுக்கமாகப் பிணைந்தவர்கள், அதனால் இன்னொரு பிரபஞ்சம் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அந்த ஒவ்வாமையில்தான் இப்படிச் சீறுகிறார்கள் என்று. அப்படியானால் அது குணம் இல்லை, காய்ச்சல் மாதிரி ஏதோ ஒன்று என்று விட்டுவிடலாமே? எனக்கு அந்த விளக்கம் அரைமனதாகத்தான் ஏற்கிறது. புசியெக் ஹீரோவுக்குக் கெட்ட பெயர் வராமல் இருக்க ஒரு கதவைத் திறந்து வைத்தார் என்றே நினைக்கிறேன். காய்ச்சலில் பிதற்றுபவனும் மனதில் இருப்பதைத்தான் பிதற்றுகிறான். ஒவ்வாமை அவன் குரலை உயர்த்தியிருக்கலாம், சொற்களைக் கொடுத்திருக்காது. தவிர, இத்தனை ஹீரோக்களில் அந்த ஒவ்வாமை ஏன் இந்த இருவரைப் பிடித்தது? தங்கள் உலகம்தான் உலகம் என்று மனதார நம்பியவர்கள் இவர்கள் இருவர்தான். அதனால்தான்.

கேப்டன் அமெரிக்காவின் பக்கத்தையும் பார்த்தால்தான் இது முழுமையாகும். அவன் டிசி பூமிக்குப் போகிறான். அங்கே ஹீரோக்களுக்கு அருங்காட்சியகம் இருக்கிறது, மக்கள் அவர்களைக் கொண்டாடுகிறார்கள். அவனுக்கு உடம்பு கூசுகிறது. இரண்டாம் உலகப் போரில் நின்றவன், தலைவனைக் கடவுளாக்கிய கூட்டம் கடைசியில் எங்கே போய் முடிந்தது என்று நேரில் கண்டவன். இவர்கள் பாதுகாவலர்களா, ஆண்டைகளா என்று சந்தேகப்படுகிறான். அவெஞ்சர்ஸ் அணியின் வில்லாளி ஹாக்ஐ ஒருபடி மேலே போய், இவர்கள் ஸ்குவாட்ரன் சுப்ரீமின் நகல்கள் என்று நக்கல் அடிக்கிறான். மேலோட்டமாகப் பார்த்தால் சிரிப்பு வசனம். ஆனால் ஸ்குவாட்ரன் சுப்ரீம் என்பதே ஜஸ்டிஸ் லீகைப் பார்த்து மார்வெல் உருவாக்கிய அணி. 1985-86-இல் வந்த அவர்களுடைய பன்னிரண்டு இதழ்க் கதையில், சூப்பர்மேனின் சாயலில் படைக்கப்பட்ட ஹைபீரியன் தலைமையில் அந்த அணி உலகத்தைச் சீர்திருத்துகிறேன் என்று சொல்லி ஆட்சியையே கையில் எடுத்துக்கொள்கிறது. அவெஞ்சர்ஸுக்கு அந்த அணி தெரிந்த முகம். நல்ல எண்ணத்தோடு அளவில்லாத பலம் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அவர்கள் உலகத்தில் ஏற்கெனவே ஒரு கசப்பான கதை இருக்கிறது. ஆக, கேப்டனின் சந்தேகம் காற்றில் முளைத்தது இல்லை.

சூப்பர்மேன் 'நீங்கள் போதுமான அளவு செய்யவில்லை' என்கிறான். கேப்டன் 'நீங்கள் அளவுக்கு மீறிப் போய்விட்டீர்கள்' என்கிறான். இரண்டு பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, இருவருமே அடுத்தவரைப் பற்றித் தவறாகக் கணித்திருக்கிறார்கள். சூப்பர்மேன் தோரை வீழ்த்தும் பக்கத்தைத்தான் ரசிகர்கள் வெட்டி வெட்டிப் பகிர்கிறார்கள். அது நல்ல சண்டைதான், ஜார்ஜ் பெரெஸ் பிரமாதமாக வரைந்திருக்கிறார். ஆனால் கதையின் உயிர் இந்த வாக்குவாதத்தில் இருக்கிறது.

அந்த இருவருக்கும் பக்கத்தில் பேட்மேனை வைத்துப் பாருங்கள். மார்வெல் பூமியில் பனிஷர் போதைப்பொருள் கும்பலைச் சுட்டுத் தள்ளுவதைப் பார்க்கிறான். தலையிடக் கூடாது என்று பேசி வைத்திருந்தும் பொறுக்க முடியாமல் இறங்கிப் பனிஷரை அடித்துத் துவைக்கிறான். அவ்வளவுதான். அந்த உலகத்தைப் பற்றி அவன் தீர்ப்பு எதுவும் சொல்வதில்லை. கண்ணெதிரே ஒரு தப்பு நடந்தது, நிறுத்தினான். பேட்மேனுக்குத் தன் ஊரைப் பற்றியே பெரிய நம்பிக்கை கிடையாது, ஆகவே இன்னொரு ஊர் அவனை அதிர வைக்கவில்லை. பிறகு அவனும் கேப்டனும் மோதுகிறார்கள். ஒருவரையொருவர் நாலு அடி பார்த்துக்கொள்கிறார்கள், எதிராளியின் தரம் புரிகிறது, நிறுத்திவிடுகிறார்கள். எல்லோரும் அடித்துக்கொண்டிருக்கும்போது இவர்கள் இருவரும், இந்த ஆட்டத்தை யார் எதற்காக நடத்துகிறார்கள் என்று தேடிப் போகிறார்கள். ஜஸ்டிஸ் லீக் வென்றால்தான் உலகம் பிழைக்கும் என்று தெரிந்ததும், கடைசிப் பொருளான காஸ்மிக் க்யூப் பேட்மேன் கைக்குப் போக கேப்டனே வழி செய்கிறான். தன் அணி தோற்கட்டும் என்று விட்டுக்கொடுத்த அந்தச் செயலில்தான் கேப்டன் தன் சந்தேகத்திலிருந்து முதலில் வெளியே வருகிறான். சூப்பர்மேனுக்கு இன்னும் நேரம் ஆகிறது.

அந்த நேரம் மூன்றாவது இதழில் வருகிறது. என்னைப் பொறுத்தவரை நான்கில் அதுதான் சிறந்தது. இரண்டு பிரபஞ்சங்களும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. இந்தக் கலந்த உலகத்தில் இரு அணிகளும் பல வருட நண்பர்கள், அடிக்கடி கூடி விருந்து சாப்பிடுபவர்கள். இறந்துபோன முந்தைய ஃப்ளாஷ் பாரி ஆலன் உயிரோடு இருக்கிறான், ஹால் ஜோர்டன் பழையபடி கிரீன் லான்டர்ன் என்ற ஹீரோ. எல்லோரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள், சூப்பர்மேனும் கேப்டனும் மட்டும் அங்கேயும் முறைத்துக்கொள்கிறார்கள். பிறகு இந்த உலகம் பொய் என்று தெரிகிறது. உண்மையில் தங்களுக்கு என்ன நடந்தது, நடக்கும் என்பதை அவர்கள் பார்க்க வேண்டி வருகிறது. பாரி தன் சாவைப் பார்க்கிறான். ஹால் தன் நகரம் அழிந்ததையும், அந்தத் துயரத்தில் தானே பாரலாக்ஸ் என்ற கொடியவனாக மாறியதையும் பார்க்கிறான். அவெஞ்சர்ஸ் அணியின் விஷனும் வாண்டாவும் தங்கள் குழந்தைகளை இழப்பதைப் பார்க்கிறார்கள். அயர்ன்மேனான டோனி ஸ்டார்க் குடியில் விழுந்து கிடக்கும் தன்னையே பார்க்கிறான்.

உலகத்தைப் பழையபடி மாற்றினால் இதெல்லாம் திரும்ப வரும். அப்படியே விட்டுவிட்டால் இந்த நல்ல வாழ்க்கை தொடரும், ஆனால் அது நிலைக்காது, பொய். அவர்கள் மாற்றுவது என்று முடிவு செய்கிறார்கள். சாகப் போகிறவனும் சம்மதிக்கிறான்.

சூப்பர்மேன் அந்த அறையில் நிற்கிறான் என்பதை மறந்துவிடாதீர்கள். 'இவர்கள் போதுமான அளவு செய்யவில்லை' என்று அவன் குற்றம் சாட்டிய ஆட்கள்தான், நன்றியே காட்டாத அந்த உலகத்துக்காக, தங்களுக்கு வரப்போகும் துன்பத்தைத் தெரிந்தே ஏற்றுக்கொள்கிறார்கள். கைதட்டல் கிடைக்காத இடத்தில் ஹீரோவாக இருப்பது என்றால் என்ன என்பதை அவன் கண்ணால் பார்க்கிறான். அவனுடைய பழைய தீர்ப்புக்கு இதைவிடப் பெரிய பதில் இருக்க முடியாது. அதை யாரும் வாதாடிச் சொல்வதில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு குறையும் உண்டு. இங்கிருந்து சூப்பர்மேன் மனம் மாறுவதை புசியெக் வேகமாகக் கடந்துவிடுகிறார். இன்னும் இரண்டு பக்கம், அவனும் கேப்டனும் தனியாகப் பேசும்படி கொடுத்திருக்கலாம். இரண்டு பிரபஞ்சத்து அணிகளையும் நான்கு இதழ்களுக்குள் அடைத்ததில் அதற்கு இடம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. பெரெஸுக்கோ இது பழைய கனவு. 1983-இல் இதே இரு அணிகளின் சந்திப்புக்கு 21 பக்கம் பென்சிலில் வரைந்து முடித்த பிறகு, நிறுவனங்கள் ஒத்துப்போகாததால் அது நின்றுபோனது. இருபது வருடம் கழித்து வாய்ப்பு வந்தபோது, கிடைத்த ஒவ்வொரு அங்குலத்திலும் ஒரு ஹீரோவை நிறுத்தினார். அவர் 2022 மே மாதம் காலமானார். அதே வருடம்தான் நெடுநாளாகக் கிடைக்காமல் இருந்த இந்தப் புத்தகம், காமிக்ஸ் படைப்பாளிகளுக்கு உதவும் ஓர் அறக்கட்டளைக்காக 7000 பிரதிகள் மட்டும் மறுபதிப்பாக வந்தது.

சொற்களில் விட்டதைக் கடைசி இதழ் செயலில் காட்டுகிறது. போரை வழிநடத்துபவன் கேப்டன். சூப்பர்மேன் அவன் கட்டளைக்குக் கீழ் முன்வரிசையில் போகிறான். அளவு மீறியவன் என்று தான் சந்தேகப்பட்ட அதே ஆளின் கையில் கேப்டன் தன் கேடயத்தைக் கொடுக்கிறான். சண்டையின் உச்சத்தில், தகுதியுள்ளவர் மட்டுமே தூக்கக்கூடிய தோரின் சுத்தியலும் சூப்பர்மேன் கைக்கு வருகிறது. ஒரு கையில் கேடயம், மறு கையில் சுத்தியல், சுற்றிலும் வில்லன்கள். அந்தப் படத்தைப் பார்க்காத காமிக்ஸ் ரசிகர் இருக்க மாட்டார். அதை 'சூப்பர்மேன் தகுதியானவன்' என்று நிரூபிக்கும் சான்றாகப் பலர் காட்டுகிறார்கள். அதற்கு முன் ஒன்றைச் சேர்த்துப் பார்க்கச் சொல்வேன். 1996-இல் வந்த 'மார்வெல் வெர்சஸ் டிசி'யில் வொண்டர் வுமன் கையில் இதே சுத்தியல் கிடைக்கிறது. தூக்குகிறாள், தோரின் சக்தி அவளுக்கு வருகிறது. எதிரே மார்வெலின் ஸ்டார்ம் நிற்கிறாள். இதை வைத்துக்கொண்டு ஸ்டார்மோடு மோதுவது நியாயம் இல்லை என்று சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சண்டைக்குப் போகிறாள், தோற்கிறாள். அந்தச் சண்டையின் முடிவு வாசகர் வாக்கில் தீர்மானிக்கப்பட்டது. யார் ஜெயித்தார்கள் என்பது வாக்குச்சீட்டு விவகாரம். சுத்தியலைக் கீழே வைத்ததுதான் அவள்.

சூப்பர்மேனிடமும் நான் பார்ப்பது அதைத்தான். அந்த இரண்டு ஆயுதங்களும் அவனுடையவை இல்லை. அவன் குறை சொன்ன உலகத்தின் ஆயுதங்கள், அந்த உலகத்து ஆட்கள் நம்பிக் கொடுத்தவை. இவ்வளவு ஏந்தியும் க்ரோனாவை வீழ்த்தும் கடைசி அடி அவனுடையது இல்லை. செத்துவிட்டான் என்று எல்லோரும் நினைத்த ஹாக்ஐ, சக்தி எதுவும் இல்லாத வில்லாளி, ஃப்ளாஷ் காப்பாற்றியதால் உயிரோடு இருந்து ஒரு அம்பில் அதை முடிக்கிறான். ஜஸ்டிஸ் லீகை நகல் என்று கிண்டல் அடித்தவனும் அவன்தான்.

போர் முடிந்த பிறகு சூப்பர்மேன் அந்தச் சுத்தியலை மறுபடி தூக்கப் பார்க்கிறான். அசையவில்லை. ஆபத்து எல்லை மீறியபோது தன் தந்தை ஓடின் அந்தச் சுத்தியல் மேல் வைத்த தன் கட்டுப்பாட்டைச் சற்றுத் தளர்த்தினார், அவ்வளவுதான் என்று தோர் விளக்கம் சொல்கிறான். முதல் இதழில் இந்த உலகத்துக்கே தீர்ப்பு எழுதியவன், இப்போது சுத்தியலை அதன் சொந்தக்காரனிடம் விட்டுவிட்டு நகர்கிறான்.